பாதிக் கேன் தண்ணி

அந்த பாட்டில சன்னல் வழியா போட்டுடாதீங்க தம்பி. இங்க குடுங்க. குடுங்கன்னா குடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பாத்தீங்களா, மூடி இந்தப் பைக்கு, பாட்டிலு நசுக்கி அந்தப் பைக்கு. நான் யோசிக்கவே இல்ல, கை தன்னால செய்யுது. மூணு நாள் பயிற்சி எடுத்து சர்டிபிகேட் வாங்குன கை இது. இந்தக் கைய வெட்டிப் போட்டா என்னன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு இருக்கு.

இல்ல, கேனக் கீழ வைக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். குடிக்கவும் தர முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க. மூடி போடல, அதான் உள்ளங்கையால பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். திருத்துறைப்பூண்டியில ஏறுனதுலேர்ந்து இப்படித்தான். டிரைவரு பிரேக்கு போட்டா என் உயிரு போவுது.

நீங்க வேதாரண்யம் வரைக்குமா? என்ன வேலை? பைப்பு வேலையா. நல்லது.

நான் அதுக்கும் அந்தாண்ட, கடலோரம். மணல்மேட்டுக்குப்பம்னு சொன்னா யாருக்கும் தெரியாது. புயலுக்கு அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுது. டிவியில காட்டுனாங்கள்ல, ஒரு தென்னந்தோப்பு முழுக்கத் தலைய விரிச்சுப் போட்டுக் கெடந்துச்சே, அது எங்க ஊருதான். என் பேரு தையல்நாயகி. மகளிர் குழுத் தலைவி. இன்னும் நான்தான் தலைவி, யாரும் மாத்தல. மாத்தச் சொல்லி ரெண்டு பேரு பேசுறாளுவ, பேசட்டும்.

புயலடிச்சு பத்து மாசம் ஆச்சு தம்பி. பத்து மாசமா எங்க கூரையில தார்ப்பாய்தான் கெடக்கு. வீடு வரும் வரும்னாங்க. என்ன வந்துச்சு தெரியுமா? குப்பை போட நாலு கலர்ல டப்பா வந்துச்சு. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. வீடு வர்றதுக்கு முன்னாடி வீட்டுக் குப்பைக்கு டப்பா. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

குப்பைன்னு பேச வந்தா நான் ஒண்ணு கேக்குறேன். அந்தக் குப்பை யாரோடது? எங்களோடதா? நிவாரணம் நிவாரணம்னு லாரி லாரியா கொண்டாந்து கொட்டுனாங்களே, அதுல என்ன இருந்துச்சு? பட்டன் இல்லாத சட்டை. ஒத்தக் கால் செருப்பு. கல்யாண மாப்பிள்ளை போடுற கோட்டு, அத மாட்டிக்கிட்டு எங்க ஆளுங்க இறாலு புடிக்கப் போவணுமா? தண்ணி பாக்கெட்டு மட்டும் ஒரு மலை. குடிச்சதும் அத எங்க போடுறது? ஊரே மூங்கிலும் ஓலையுமா கெடக்கு. கெடந்த எடத்துல போட்டோம். அப்புறம் அதே ஊர்லேர்ந்து அதே லாரியில வந்து, "அம்மா, நீங்கல்லாம் குப்பைய இப்படிப் போடக்கூடாதும்மா"ன்னு சொல்றாங்க. வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுறதுன்னா இதான்.

ஆனா பயிற்சி நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. ஜெபஸ்டின்னு ஒரு சாரு வந்தாரு. சின்ன வயசு, நல்ல பேச்சு. புயல்ல கூரை போவாத எடம் பள்ளிக்கூடம் ஒண்ணுதான், அங்கதான் வகுப்பு. மீன் செதிலு, காய்கறித் தோலு மக்குறது. பிளாஸ்டிக்கு மக்காதது. மூடி வேற பிளாஸ்டிக்கு, பாட்டிலு வேற பிளாஸ்டிக்கு, ரெண்டையும் ஒண்ணா உருக்க முடியாது, அதனால கழட்டி வேற வேற சாக்குல போடணும். மூடி தெறந்து தண்ணி நின்னா கொசு. இதெல்லாம் எனக்கு ஒரு தடவ சொன்னாப் போதும். மத்தவளுவ தூங்கி வழிவாளுவ, நான் பதில் சொல்லுவேன். சாரு சொன்னாரு, "தையல்நாயகியம்மா மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்"னு. எல்லாரும் கேக்கத்தான் சொன்னாரு.

அவரு சொன்னதுல ஒண்ண நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். "வீட்டுல ஆறு மாசமா கை படாத பொருள் எதுவோ அது குப்பை." அவ்வளவுதான். எவ்ளோ லேசா இருக்கு பாருங்க. நான் எங்க வீட்டுலயே ஆரம்பிச்சேன். எங்க மாமியாரோட உரலு, ஒடஞ்ச ரேடியோ, கருகுன பாத்திரம், எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு வாயத் தெறக்கல. அவரு எப்பவும் தெறக்க மாட்டாரு.

அப்புறம் வீடு வீடாப் போனேன். பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு. சுத்தமா இருந்தா கதவுல பச்சை ஸ்டிக்கரு, இல்லாட்டி சிவப்பு ஸ்டிக்கரு. எல்லா வீடும் பச்சையாச்சுன்னா மாதிரி கிராமம்னு போர்டு வைப்பாங்க, குழுவுக்கு பேட்டரி வண்டி ஒண்ணு தருவாங்க. எங்க ஊரு எம்பத்தாறு வீட்டுல எம்பத்தஞ்சு வீடு பச்சை. ஒரு வீடு சிவப்பு. எந்த வீடு? எங்க சொந்த வீட்டு வேலிக்கு அந்தாண்ட வீடு. என் ஓரகத்தி குணவதி வீடு.

ஊருக்கு உபதேசம் பண்றவ வீட்டுப் பக்கத்து வீடு சிவப்புன்னா எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

குணவதி புருஷன் அஞ்சாப்புலி, எங்க வீட்டுக்காரரோட தம்பி. எனக்குக் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தப்ப அரை டவுசரு போட்டுக்கிட்டு என் பின்னாடியே சுத்துவான். புயல் வருதுன்னு மைக்குல சொல்லிட்டாங்க. எல்லா வள்ளமும் கரையேறிடுச்சு. இவன் வலையப் போட்டுட்டு வந்திருக்கான், பக்கத்துலதான் கெடக்கு, ஓடிப் போயி எடுத்துக்கிட்டு வந்துடுறேன்னு தனியாப் போனான். புது வலை. குடிக்கத் தண்ணி இந்தக் கேனுல கொண்டு போனான். ஆமா, இதே கேனுதான். இங்க பாருங்க, சிவப்புல "கு"ன்னு எழுதியிருக்கா? வள்ளத்துக்கு அடிச்ச பெயிண்டு மிச்சமிருந்துச்சு, பொண்டாட்டி பேரோட மொத எழுத்த எழுதி வச்சான். கரையில எல்லாரும் கேலி பண்ணுவாங்க.

அவன் வரல. வள்ளம் வரல. வலை வரல. நாலாம் நாளு முகத்துவாரத்துல கேனு மட்டும் ஒதுங்குச்சு. மூடி போட்டது போட்டபடி. உள்ள பாதித் தண்ணி.

அத அவ வீட்டுல கொண்டாந்து வச்சா. அடுப்புக்குப் பக்கத்துல, மேல ஒரு துண்டப் போத்தி. தெறக்கவே இல்ல. ஏண்டின்னு கேட்டா ஒரு கணக்கு சொல்லுவா. "அக்கா, நான் வாய் வரைக்கும் ரொப்பித்தான் குடுத்தேன். பாதி குடிச்சிருக்காரு. அப்ப தெம்பாத்தான் இருந்திருக்காரு. குடிச்சுட்டு மூடிய இறுக்கி வச்சிருக்காரு பாருங்க. சாவப் போறவங்க மூடிய இறுக்குவாங்களா? மிச்சத்த அப்புறம் குடிக்கலாம்னுதானே இறுக்கியிருக்காரு." இப்படி ஒரு பேச்சு. ஒரு கேன் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு ஆளோட ஆயுசச் சொல்றா. பாவம்தான், இல்லங்கல. ஆனா எத்தன நாளைக்கு?

ஊர்ல எல்லாரும் சொல்லியாச்சு, காரியம் பண்ணிடும்மா, அவன் ஆத்மா அலையும்னு. நான்தான் அதிகம் சொன்னேன். பெரியவ நான் சொல்லாம யாரு சொல்றது? அவ கேக்கல. பூ வச்சா, பொட்டு வச்சா, கழுத்துல தாலியோட கருவாடு விக்கப் போனா. பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுனாங்க. அந்தப் பேச்சு எங்க வீட்டையும் சேத்துத்தானே வரும்?

சரி. ஸ்டிக்கருக்கு வர்றேன். மூணு தடவ அவகிட்ட எடுத்துச் சொன்னேன் தம்பி, மூணு தடவ. கடைசித் தடவ வாசல்ல நின்னு கேட்டேன். "குணவதி, அந்தக் கேன ஆறு மாசத்துல ஒரு தடவயாச்சும் தொட்டியா?" அவ சொல்றா, "இல்லக்கா. தொடக்கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்." அப்ப அது குப்பைதானே? சாரு சொன்ன கணக்குப்படி குப்பைதானே? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. எனக்கு வேற என்ன சாட்சி வேணும்?

மூணு வாரத்துக்கு முன்னாடி, புதன்கிழம, ஆபீசருங்க பாக்க வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு. காலையில பத்து மணிக்கு ஜீப்பு வரும். குணவதி விடிகாலையிலயே கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போயிட்டா. வேணும்னுதான் போனா, எனக்குத் தெரியும். நான் போயி படலத் தெறந்தேன். பூட்டு ஏது, எங்க ஊர்ல யாரு பூட்டுறா. கேன எடுத்தேன்.

மூடி வரல.

அப்படி ஒரு இறுக்கம். சேலத் தலப்ப வச்சுத் திருகுனேன், வரல. பல்லக் கடிச்சுக்கிட்டுத் திருகுனேன், வரல. உள்ளங்கையெல்லாம் செவந்து போச்சு. எங்க வீட்டுக்காரரு வேலியோரம் நின்னாரு. "என்னங்க, இதக் கொஞ்சம் தெறந்து குடுங்க"ன்னேன். அவரு கேனப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, கடல் பக்கம் போயிட்டாரு. ஆம்பளைங்க இப்படித்தான், வேலைன்னா நழுவுறது. கடைசியில கதவு இடுக்குல மூடியக் குடுத்து, கேன ரெண்டு கையாலயும் சுத்துனேன். டக்குன்னு ஒரு சத்தம். வந்துடுச்சு.

தண்ணிய அவ வீட்டு வாசல்ல ஒரு தென்னங்கன்னு இருக்கு, நிவாரணத்துல குடுத்தது, அதுக்கு ஊத்துனேன். வீணாக்கல. கொசுப்புழுவா? இல்ல, புழுவெல்லாம் இல்ல. தண்ணி பளிச்சுன்னுதான் இருந்துச்சு. மூடியிருந்த கேனுல கொசு எப்படிப் போவும். அது வேற விஷயம், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மூடிய மூடிச் சாக்குல போட்டேன், கேன கேன் சாக்குல போட்டேன். சிவப்பு ஸ்டிக்கரக் கிழிச்சுட்டு பச்சை ஒட்டுனேன். ஜீப்பு வந்துச்சு. கை தட்டுனாங்க. எனக்குச் சால்வை போத்துனாங்க. மத்தியானமே பழைய பொருள் வாங்குற லாரி வந்து சாக்க எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. எல்லாம் முறையா நடந்துச்சு தம்பி. இதுல எங்க தப்பு வந்துச்சு, சொல்லுங்க.

அவ சாயந்தரம் வந்தா. நான் வாசல்லயே காத்துக்கிட்டிருந்தேன். சண்ட போடுவா, நாலு பேச்சு பேசுவா, நானும் பேசணும்னு தயாரா இருந்தேன். எட்டு வருஷமா நாங்க சண்ட போடாத நாளு கெடையாது, தண்ணிக்கு, வேலிக்கு, கோழிக்கு. அடுப்படிக்குப் போனா. திரும்ப வெளிய வந்தா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அக்கா, தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

தென்னங்கன்னக் காட்டுனேன். போயி அதுகிட்ட உக்காந்து மணல்ல கைய வச்சா. எங்க ஊரு மணலு தம்பி. காலையில ஊத்துன தண்ணி சாயந்தரம் வரைக்குமா நிக்கும்? அவ கைய எடுக்கவே இல்ல. நான் ஏதோ சொன்னேன். புதுக் கேனு வாங்கித் தர்றேன்னு சொன்னேன்னு நெனைக்கிறேன். அவ ஏறிட்டுக்கூடப் பாக்கல.

திட்டியிருக்கலாம்ல? எனக்கு அதுதான் ஆத்திரம். என் மயிரப் புடிச்சு இழுத்திருந்தா நானும் நாலு வச்சு அன்னிக்கே தீத்திருப்பேன். ஒண்ணும் பேசாம இருந்தா மனுஷி என்னதான் பண்றது? மறுநாளு குழாயடிக்கு வந்தா. பொட்டு இல்ல. தலையில பூ இல்ல. எல்லாரும் என்னப் பாக்குறாளுவ. அவள ஒருத்தியும் பாக்கல, என்னத்தான் பாக்குறாளுவ. குடத்தப் பாதி ரொம்பினதும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ஒருத்தி என் காதுபடவே சொன்னா, பத்து மாசம் கடலால அறுக்க முடியாத தாலிய இவ அறுத்துட்டான்னு. நானா அறுத்தேன்? கடலு அறுத்ததுக்கு நான் பொறுப்பா?

எங்க வீட்டுக்காரரு அன்னிலேர்ந்து வீட்டுல சாப்புடல. டீக்கடையில பன்னு தின்னுட்டுப் படுத்துக்கிறாரு. கேட்டா, பசிக்கலங்கிறாரு.

போன வாரம் குணவதி ஆளனுப்புறா, எனக்கு இல்ல, அவருக்கு. "மாமா, காரியம் வச்சுடலாம்"னு. நாளு குறிச்சாச்சு. நாளைக்கு. நாளைக்குக் காலையில கரையில வச்சு, தாலியக் கழட்டிப் பால்ல போடுவாங்க.

இவ்வளவு நாளா நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன், காரியம் பண்ணு, காரியம் பண்ணுன்னு. அப்பல்லாம் கேக்காதவ இப்ப எதுக்குப் பண்றா? எனக்காகப் பண்ணுறாளா, என் மூஞ்சியில கரியப் பூசத்தான் பண்ணுறாளா? அவனப் பாத்தவங்க யாரு? செத்தான்னு சாட்சி யாரு? ஒடம்பு கெடைக்காம காரியம் பண்றது என்ன பழக்கம்? எங்கயாச்சும் கரை ஒதுங்கி, ஏதாச்சும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி, பாஷை தெரியாத ஊர்ல கெடக்கலாம்ல? அந்தப் பய கெட்டிக்காரன் தம்பி. மூடிய அப்படி இறுக்கியிருந்தான். நான் தெறந்து பாத்தவ, எனக்குத் தெரியும். பயந்தவன் கை அப்படி இறுக்காது.

அதான் பழைய பொருள் கடைக்குப் போனேன். இது மூணாவது தடவ. மொத ரெண்டு தடவ கெடைக்கல. திருத்துறைப்பூண்டியில ஹாஜா பாய் கடை, கொல்லப்பக்கம் முழுக்க கேனுதான். பாய் நல்ல மனுஷன். "என்னம்மா தேடுறீங்க"ன்னாரு, "என் பொருள்"னேன், அதுக்கு மேல கேக்கல. இன்னிக்குக் காலையில எட்டு மணிக்குக் குந்துனவளுக்கு, பதினோரு மணிக்கு "கு" தெரிஞ்சுது. நசுக்கல, கிழிக்கல. முழுசா இருந்துச்சு.

மூடி இல்ல. எப்படி இருக்கும்? நான்தானே தனியாக் கழட்டிப் போட்டேன். பாய் மூடிச் சாக்கக் கொட்டுனாரு. ஆயிரம் மூடி இருக்கும், ரெண்டாயிரம் இருக்கும். மூடிச் சாக்கு எல்லா ஊர்லேர்ந்தும் வந்து ஒண்ணாக் கலந்து கெடக்கு. ஜெபஸ்டின் சாருக்கு போன் போட்டேன். "கேன் மூடியெல்லாம் ஒரே அளவுதாம்மா, எதப் போட்டாலும் பொருந்தும்"னாரு. வச்சுட்டேன்.

பொருந்துற மூடி மூணு எடுத்தேன். இந்தா, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, வெள்ள ஒண்ணு. இதுல எது அவனோடதுன்னு... இதுல ஒண்ணுமே அவனோடது இல்லாமகூட இருக்கலாம். என்ன கலருன்னு எனக்கு ஞாபகமில்ல தம்பி. கதவு இடுக்குல குடுத்துத் திருகுனேனே, கையில எடுத்தேனே, சாக்குல போட்டேனே. பேப்பர்ல வந்த போட்டோவ எடுத்துப் பாத்தேன், சால்வையோட நான் நிக்கிறேன், பின்னாடி சாக்கு வாயில கேனு தெரியுது. மூடி இல்ல. அதுக்குள்ள நான் கழட்டிட்டேன். அவளுக்குத் தெரியும், பத்து மாசம் பாத்தவ. அவகிட்டப் போயி எப்படிக் கேக்குறது?

தண்ணி பஸ் ஸ்டாண்டுல புடிச்சேன். பாதிக்குக் கொஞ்சம் மேல, இந்தக் கோடு வரைக்கும்தான் முன்ன இருந்துச்சு. எங்க ஊரு தண்ணி உப்புக் கரிக்கும், இது இனிக்குது. அதனால என்ன, யாரு குடிச்சுப் பாக்கப் போறா? இவ்வளவு நாளு தெறக்காதவ இனிமேயா தெறப்பா. ராத்திரிக்குள்ள கொண்டு போயி அந்த எடத்துல வச்சு, துண்டப் போத்திட்டு வந்துடுவேன். காலையில எந்திரிச்சுப் பாக்கட்டும். பாத்துட்டு என்ன சொல்றான்னு பாப்போம். திட்டுனாலும் திட்டட்டும்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? பொய்யின்னு பாக்குறீங்களா? கேனு அதே கேனு. எழுத்து அவன் எழுத்து. மிச்சத்துக்கு நான் என்ன பண்ண முடியும்?

நீலமே இருக்கட்டும். நீலம்னுதான் தோணுது. இந்தாங்க, புடிங்க, சிந்திடாமப் புடிங்க. நான் ரெண்டு தடவ இறுக்கிப் பாத்துட்டேன், லேசாத் திருகுனா வந்துடுது. பொம்பளக் கை. நீங்க பைப்பு வேலை பாக்குறவங்க, உங்க கைக்கு வரும். நல்லா. இன்னும் கொஞ்சம்.

குடுங்க, நான் திருகிப் பாக்குறேன்.

இல்ல, வருது தம்பி. இன்னும் இறுக்குங்க.